ஒற்றைக் கையால் செய்வதற்கென்று வந்த பூ

நவம்பர் பிறந்துவிட்டால் இங்கிலாந்தின் சிற்றூர்களில் சிவப்புத் தபால் பெட்டிகளின் தலையில் நூல் தொப்பி ஏறிவிடும். தொப்பி முழுக்கப் பாப்பிப் பூக்கள். ஊர்ப் பெண்கள், இப்போது ஆண்களும் சிலர், மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பின்னிச் சேர்த்தவை அவை. பக்கத்துத் தேவாலயக் கோபுரத்திலிருந்து ஒரு வலை தரைவரை தொங்கும். அதிலும் ஆயிரக்கணக்கில் அதே பூ. கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டு பூ ஒன்றுபோல இருக்காது. ஒன்றுக்கு நான்கு இதழ், இன்னொன்றுக்கு ஐந்து. ஒன்று ரத்தச் சிவப்பு, அடுத்தது ஆரஞ்சை ஒட்டியது. சிலவற்றின் நடுவே கறுப்பு நூலுக்குப் பதில் பழைய கோட்டுப் பொத்தான். எது கைதேர்ந்தவர் போட்டது, எது அன்றைக்குத்தான் ஊசி பிடித்தவர் போட்டது என்று குரோஷா பின்னல் தெரிந்தவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். ஆனால் எதையும் யாரும் கழித்து ஒதுக்குவதில்லை.

போரில் இறந்தவர்களுக்கான நினைவுப் பூ இது. 1918 நவம்பர் 11 காலை 11 மணிக்கு முதல் உலகப் போரின் பீரங்கிகள் ஓய்ந்தன. அந்த நாளையொட்டி பிரிட்டனிலும் கனடாவிலும் இந்தப் பூவைச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஏப்ரல் 25, அங்கே போர் நினைவு நாளான அன்சாக் நாளன்றும் குத்துவார்கள். லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் நம் உறவுக்காரப் பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் இதைக் குத்திக்கொண்டு நிற்கும் படம் உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கலாம்.

குரோஷா கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்களுக்கு முதல் பாடமாக நான் இந்தப் பூவைத்தான் சொல்வேன். மேசை விரிப்பில் தொடங்கினால் மூன்றாவது வரிசையில் அலுத்துவிடும். தொப்பியில் தொடங்கினால் அளவு காலை வாரிவிடும். பாப்பி ஒரு சாயங்காலத்தில் முடியும், கோணினாலும் பூவாகவே இருக்கும். இந்த எளிமை தானாக வந்ததல்ல. நூறு வருடங்களுக்கு முன்பே இது எளிதாக இருந்தே ஆகவேண்டும் என்று சிலர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

களைச்செடியின் கதை

ஐரோப்பாவின் கோதுமை வயல்களில் தானாக முளைக்கும் களை இந்தப் பாப்பி. நம் வீட்டுக் கசகசாவுக்கு உறவு, ஆனால் அபின் எடுக்கும் செடி வேறு, இது வேறு. இந்த வித்தியாசம் எல்லாருக்கும் பிடிபடுவதில்லை. 2010 நவம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன் சீனாவுக்குப் போனபோது, அபின் போர்களை நினைவூட்டுகிறது, பூவைக் கழற்றிவிடுங்கள் என்று சீன அதிகாரிகள் கேட்டதும், அவர் குழு மறுத்ததும் செய்தியானது.

பாப்பியின் விதை மண்ணுக்கடியில் பல ஆண்டுகள் உறங்கும். மண் புரண்டு வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். உழவனின் ஏர் செய்யும் வேலையை 1914 முதல் பீரங்கிக் குண்டுகள் செய்தன. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் மரமும் புல்லும் செத்துப்போன நிலத்தில், புதைகுழிகளுக்கு நடுவே, சிவப்பாக இது ஒன்று மட்டும் பூத்தது. 1915 மே மாதம் ஈப்ர் நகருக்கு அருகே அலெக்சிஸ் ஹெல்மர் என்ற இளம் அதிகாரி குண்டடிபட்டு இறந்தார். அவருடைய நண்பர், கனடா ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே, அந்த நாட்களில் எழுதிய கவிதை டிசம்பரில் லண்டன் ‘பஞ்ச்’ இதழில் வெளியானது. பாப்பியை உலகுக்குச் சொன்னது அந்தக் கவிதைதான். போர் முடிவதைப் பார்க்க மெக்ரே இல்லை. 1918 ஜனவரியில் நிமோனியாவில் போய்விட்டார்.

கவிதை ஆண் எழுதியது. பூவைச் சட்டைக்குக் கொண்டுவந்தவர்கள் இரண்டு பெண்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஆசிரியை மோய்னா மைக்கேல், 1918 நவம்பர் 9 அன்று நியூயார்க்கில் ஒரு பத்திரிகையில் அந்தக் கவிதையைப் படித்துவிட்டு, கடைக்குப் போய்ப் பட்டுத்துணிப் பாப்பிகள் வாங்கி, ஒன்றைத் தான் குத்திக்கொண்டு மற்றதைச் சுற்றியிருந்தவர்களுக்குக் கொடுத்தார். அடுத்தவர் பிரான்ஸைச் சேர்ந்த அன்னா கெரான். இவர் உணர்ச்சியோடு கணக்கும் பார்த்தவர். குண்டு விழுந்து நாசமான பிரெஞ்சு ஊர்களில் கைம்பெண்களும் அநாதைப் பிள்ளைகளும் துணியில் பாப்பி செய்வார்கள். நேச நாடுகளில் அதை விற்கலாம். பணம் திரும்பி வரும். இந்த யோசனையைச் சுமந்துகொண்டு அமெரிக்கா, கனடா, பிரிட்டன் என்று ஒவ்வொரு நாட்டு முன்னாள் படைவீரர் சங்கமாகப் படியேறினார். 1921 நவம்பரில் பிரிட்டனில் முதல் பாப்பி நாள். 90 லட்சம் பூ விற்று 1,06,000 பவுண்டு வந்தது. நியூசிலாந்துக்குப் பூவை ஏற்றி வந்த கப்பல் தாமதமாக வந்து சேர்ந்ததால் அங்கே நவம்பர் தவறி, 1922 ஏப்ரலில் அன்சாக் நாளுக்கு முந்தைய நாள் விற்றார்கள். அந்த நாட்டில் பாப்பி இன்றைக்கும் ஏப்ரல் பூவாக இருப்பது இப்படித்தான்.

1922-ல் பூவைப் பிரிட்டனிலேயே செய்வது என்று முடிவாயிற்று. மேஜர் ஜார்ஜ் ஹௌசன், போரில் ஊனமுற்றவர்களுக்காகச் சங்கம் நடத்திக்கொண்டிருந்தவர். பாப்பி செய்ய அவர் கையில் 2,000 பவுண்டு காசோலை வந்தது. பெரிய வெற்றியெல்லாம் வரும் என்று தோன்றவில்லை, ஆனாலும் செய்து பார்க்கலாம் என்ற தொனியில் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். லண்டன் ஓல்ட் கென்ட் சாலையில் ஐந்து முன்னாள் வீரர்களோடு பட்டறை தொடங்கியது. பிறகு ரிச்மண்டுக்கு மாறியது. வேலைக்கு வந்தவர்களில் கை இழந்தவர்கள் இருந்தார்கள். அதனால் பூவின் வடிவம் ஒரு கையால் கோக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பிரிட்டிஷ் பாப்பியில் இரண்டே இதழ், நடுவில் ஒரு பொத்தான், ஒரு தண்டு என்று ஆனதற்குப் பின்னால் இந்தக் கைகள் இருக்கின்றன. 1926-ல் எடின்பரோவில் பிரிட்டிஷ் தளபதி ஹெய்க்கின் மனைவி ஹெய்க் சீமாட்டி தொடங்கிய தொழிற்கூடத்துப் பூவுக்கு நான்கு இதழ், இலை கிடையாது. ஸ்காட்லாந்துக்காரர்கள் உண்மையான செடியைப் பார்த்துச் செய்தது தங்களுடையது என்று பெருமையடிப்பார்கள். வயலில் பூப்பதற்கும் நான்கு இதழ்தான்.

நாமும் நான்கே போடுவோம்.

ஊசியும் நூலும்

குரோஷாவுக்கு இரண்டு கையும் வேண்டும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றபடி செலவு அதிகமில்லை. 4 மில்லிமீட்டர் குரோஷா ஊசி ஒன்று. அளவு ஊசியின் தட்டையான நடுப்பகுதியிலேயே பொறித்திருக்கும். நடுத்தரத் தடிமனில் சிவப்பு உல்லன் நூல், கொஞ்சம் கறுப்பு. பெரிய காதுள்ள மழுங்கிய தையல் ஊசி, ஒரு ஊக்கு, கத்தரிக்கோல். பூ வெளியில் மழையில் தொங்கப் போகிறது என்றால் அக்ரிலிக் நூலே போதும், தண்ணீர் இறங்காது. சிவப்புப் பருத்தி நூலில் சில ரகம் சாயம் விடும். வெள்ளைச் சட்டையில் குத்துவதற்கு முன் ஒரு துண்டை நனைத்துப் பார்த்துவிடுங்கள்.

செய்முறை எதையாவது தேடிப் படிப்பதானால் ஒரு எச்சரிக்கை. அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷா என்பதைப் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள். அமெரிக்க டபுள் அவர்களுக்கு டிரெபிள். பாப்பி செய்முறைகள் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருவதால் இந்தக் குழப்பம் கட்டாயம் வரும். சிங்கிள் என்ற சொல்லே ஒரு செய்முறையில் வராவிட்டால் அது பிரிட்டிஷ் கணக்காக இருக்கும். நம் ஊர் வகுப்புகளில் பழகியது அமெரிக்கக் கணக்கு என்பதால் இங்கே அதையே வைத்திருக்கிறேன்.

கறுப்பில் தொடங்குவோம். நூல் நுனியில் நழுவுமுடிச்சு போட்டு ஊசியில் ஏற்றுங்கள். இடது கை ஆள்காட்டி விரலில் நூல் ஓடட்டும். கட்டைவிரலும் நடுவிரலும் முடிச்சின் அடியைப் பிடித்திருக்கட்டும். ஊசியை நூலுக்கு அடியில் விட்டு, கொக்கியில் நூலைப் பிடித்து, ஊசியில் இருக்கும் கண்ணி வழியே இழுத்தால் ஒரு செயின். நான்கு செயின் போடுங்கள். முதல் செயினுக்குள் ஊசியை விட்டு, நூலை இழுத்து, அந்த இழுப்பிலேயே ஊசியில் உள்ள கண்ணியையும் கடந்து கொண்டுவந்தால் ஸ்லிப் ஸ்டிட்ச். இப்போது சின்ன வளையம் கிடைத்துவிட்டது. அனுபவசாலிகள் ‘மேஜிக் ரிங்’ என்று வேறு விதமாகத் தொடங்குவார்கள், நடு ஓட்டை அதில் இறுக மூடும். முதல் நாளே அதற்குப் போகாதீர்கள். நூல் விரலிலிருந்து நழுவி எரிச்சல்தான் மிஞ்சும்.

ஒரு செயின் போட்டு மேலேறி, வளையத்தின் நடு ஓட்டைக்குள் 12 சிங்கிள் குரோஷா. ஒவ்வொன்றுக்கும் ஊசியை ஓட்டைக்குள் விட்டு நூலை இழுங்கள். ஊசியில் இரண்டு கண்ணி நிற்கும். மறுபடி நூலைக் கொக்கியில் பிடித்து இரண்டையும் சேர்த்துக் கடந்து வாருங்கள். புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறும் இடம் இது. பயத்தில் நூலை இறுக்கி இறுக்கிப் பிடிப்பதால் ஊசி உள்ளே நுழையாது. கண்ணியை எப்போதும் ஊசியின் தடித்த தண்டுப் பகுதிக்குத் தள்ளிவிட்டு இழுங்கள், கொக்கிக்கு அருகே குறுகலாக இருக்கும் கழுத்தில் விடாதீர்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஆறாவது கண்ணிக்குள் ஓட்டை நிரம்பிவிட்டதுபோலத் தெரிந்தால், போட்டதை வளையத்தின் மேல் விரலால் பின்னோக்கித் தள்ளுங்கள், இடம் கிடைக்கும்.

எண்ணுவது எப்படி? மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு கண்ணியின் தலையும் படுக்கவைத்த ‘வி’ எழுத்து மாதிரி தெரியும். பன்னிரண்டு ‘வி’ இருக்க வேண்டும். பதினொன்றுதான் இருக்கிறது என்றால் பிரிக்க வேண்டாம், ஓட்டைக்குள் இன்னொன்று போட்டால் போயிற்று. முதல் கண்ணியின் தலையில் ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டு வட்டத்தை மூடி, நூலைக் கொஞ்சம் நீளமாக விட்டு வெட்டி, கடைசிக் கண்ணி வழியே உருவிவிடுங்கள்.

இனி இதழ். கறுப்பு வட்டத்தின் ஏதாவது ஒரு ‘வி’க்குள் ஊசியை விட்டு, சிவப்பு நூலை இழுத்து இணையுங்கள். மூன்று செயின். அதே கண்ணியில் இரண்டு டபுள் குரோஷா. டபுள் என்றால் முதலில் நூலை ஊசியில் ஒருமுறை சுற்றிக்கொண்டு உள்ளே விட வேண்டும். இழுத்ததும் ஊசியில் மூன்று கண்ணி இருக்கும். நூலைப் பிடித்து இரண்டைக் கடந்து, மறுபடி பிடித்து மீதி இரண்டைக் கடந்தால் ஒன்று முடிந்தது. அடுத்த கண்ணியில் மூன்று டபுள். அதற்கடுத்ததில் இரண்டு டபுள், மூன்று செயின், பிறகு அதே கண்ணியில் ஸ்லிப் ஸ்டிட்ச். ஓர் இதழ் ஆயிற்று. பக்கத்துக் கண்ணியில் ஒரு ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டு, மூன்று செயினிலிருந்து இதையே திரும்பச் செய்யுங்கள். ஓர் இதழுக்கு மூன்று கண்ணி வீதம் நான்கு இதழில் பன்னிரண்டும் தீர்ந்துவிடும்.

முதல் இதழைப் பார்த்ததும் தப்பாகப் போய்விட்டதோ என்று தோன்றும். தட்டையாக உட்காராமல் ஓரம் அலை அலையாக நெளியும். மூன்று கண்ணிக்குள் ஏழு டபுளைத் திணித்திருக்கிறோம், நெளியாமல் என்ன செய்யும்? ஆனால் பாப்பி இதழே கசக்கிய டிஷ்யூ தாள் மாதிரிதான் இருக்கும். இஸ்திரி போட்டுத் தட்டையாக்கி விடாதீர்கள். நான்காவது இதழ் முடிந்ததும் அடுத்தடுத்த இதழ்களை ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏற்றி விரலால் குவித்துவிட்டால் பூ எழுந்து நிற்கும்.

கடைசி வேலையில்தான் பலர் சோம்பல் படுவார்கள். தொங்கும் நூல் நுனிகளை மழுங்கிய ஊசியில் கோத்துப் பின்பக்கக் கண்ணிகளுக்குள் ஒரு திசையில் ஓட்டி, பிறகு எதிர்த்திசையில் திருப்பி ஓட்டுங்கள். ஒரே திசையில் ஓட்டினால் இரண்டு மழைக்குள் வெளியே வந்துவிடும். பின்புறம் ஊக்கைக் குறுக்காக வைத்து, அதன் திறக்காத கம்பியைச் சேர்த்து ஐந்தாறு தையல் போடுங்கள். தாள் பாப்பியை நேர் ஊசியால் குத்துவதில் உள்ள தொல்லை, அது நெஞ்சில் குத்தும், சாயங்காலத்துக்குள் எங்கோ விழுந்தும் போகும். நூல் பூவுக்கு அது இல்லை. அடுத்த நவம்பருக்கும் இருக்கும்.

அங்கேதான் ஒரு சிக்கலும் வருகிறது. தாள் பூவை வருடாவருடம் வாங்குவதே உண்டியலில் காசு போடத்தான். வீட்டில் பின்னிய பூ ஆயுசுக்கும் வந்தால் உண்டியல் காலி. அதனால் பின்னியதைக் குத்திக்கொண்டாலும் காசைப் போட்டுவிடுவது பலருக்கு வழக்கம். விற்கப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: கனடாவில் பாப்பிச் சின்னம் முன்னாள் படைவீரர் சங்கமான ராயல் கனேடியன் லீஜனின் பதிவுபெற்ற வணிகச் சின்னம். தாள் பூவும் பழையபடி இல்லை: பிரிட்டனில் அது 2023-ல் பிளாஸ்டிக்கை முற்றிலும் கைவிட்டது. அதன் நாரில் பாதி, காப்பிக் கோப்பைத் தயாரிப்பில் மிஞ்சும் கழிவிலிருந்து வருகிறது.

நூற்றிருபதில் தொடங்கி

ஊசிக்காரர்கள் கையில் இந்தப் பூ எவ்வளவு தூரம் போனது என்பதற்கு மெல்பர்ன் ஓர் உதாரணம். லின் பெரி, மார்கரெட் நைட் என்ற இரண்டு பெண்கள், இரண்டாம் உலகப் போரில் இருந்த தங்கள் தகப்பனார்களுக்காக 120 பாப்பி பின்னி, ஊர் நினைவுச்சின்னத்தில் நட வேண்டும் என்று 2013-ல் ஆரம்பித்தார்கள். பிறகு ஆசை 5,000 ஆயிற்று. திட்டத்தின் பெயரும் அதுவே. 2015 அன்சாக் நூற்றாண்டன்று மெல்பர்ன் ஃபெடரேஷன் சதுக்கத்தை இரண்டரை லட்சம் பூ மூடியது. 2016-ல் லண்டன் செல்சீ மலர்க் கண்காட்சிக்குப் போனபோது ஏறக்குறைய 3 லட்சம். 2018-ல் கான்பெராவின் போர் நினைவகத்தில் முதல் உலகப் போரில் இறந்த ஆஸ்திரேலியர் ஒருவருக்கு ஒரு பூ என்று 62,000 கைப்பூக்கள் புல்வெளியில் நின்றன.

லண்டன் கோபுரத்து அகழியில் 2014-ல் நட்ட 8,88,246 பீங்கான் பாப்பிகளை எல்லாருக்கும் தெரியும். அது கலைஞர் பால் கம்மின்ஸின் படைப்பு. பார்க்க வந்தவர்கள் பார்த்தார்கள். மெல்பர்ன் பூவில் கோணல் இதழைப் போட்டவரும் அங்கே வந்து தன் பூவைத் தேடலாம். எனக்கு மெல்பர்ன்தான் மேல்.

யாருக்கான பூ?

எல்லாருக்கும் இந்தச் சிவப்பு ஒத்துக்கொள்ளவில்லை. 1921-ல் பூவை விற்ற சங்கத்தின் முகமாக இருந்தவர் தளபதி ஹெய்க். சோம் போரில் ஒரே நாளில் 19,000 பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தது அவர் தலைமையில். பூவின் நடுப்பொத்தானில் ‘ஹெய்க் நிதி’ என்ற எழுத்து 1994 வரை இருந்தது. மகனைப் பறிகொடுத்த தாய் அந்தப் பொத்தானை எப்படிப் பார்த்திருப்பாள்? 1933-ல் கூட்டுறவுப் பெண்கள் சங்கத்தினர் வெள்ளைப் பாப்பியைக் கொண்டுவந்தார்கள். நினைவும் வேண்டும், இனிப் போரும் வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. சங்கத்தில் பலர் அந்தப் போரில் கணவனையும் மகனையும் இழந்தவர்கள்.

இந்திய வீரர்கள் நெடுநாள் இந்தப் பூவின் ஓரத்தில்கூட இல்லை. ஈப்ரில் போர் நினைவுச்சின்னமாக நிற்கும் மெனின் வாயிலில் அவர்கள் பெயர்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. பிரான்ஸின் நெவ் ஷபெல் நினைவிடத்தில் 4,700க்கும் மேல். அந்தப் போரில் பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து போய் இறந்தவர்கள் 74,000க்கும் அதிகம். 2018-ல், நூறாவது வருடத்தில்தான், பிரிட்டனில் பாப்பி விற்கும் ராயல் பிரிட்டிஷ் லீஜன் அவர்களுக்காகக் கதர்த் துணியில் ஒரு பாப்பி வெளியிட்டது. வெள்ளைக்கார அரசை எதிர்த்து நூற்ற துணியில் அந்த அரசுக்காகச் செத்தவனுக்குப் பூ! காந்தி இருந்திருந்தால் சிரித்திருப்பாரா, தெரியாது.

இலங்கையில் இந்தக் கேள்வி முன்பே வெடித்தது. பாப்பி நாளில் அங்கே திரட்டிய பணத்தில் பெரும்பங்கு இங்கிலாந்துக்குப் போய்விடும், உள்ளூர் முன்னாள் வீரனுக்குச் சில்லறைதான். 1931-ல் ஏலியன் பெரேரா அதே நவம்பர் 11-ல் போட்டியாகச் சூரிய மலரை விற்க ஆரம்பித்தார். சிங்களத்தில் சூரிய மல் எனப்படுவது வேறொன்றுமில்லை, நம் பூவரசம்பூ. முயற்சி கொஞ்சம் ஓய்ந்திருந்தபோது, இங்கிலாந்திலிருந்து வந்து ஆசிரியையாக இருந்த டொரீன் யங், இலங்கைப் பள்ளிப் பிள்ளைகளிடம் பாப்பியை விற்று வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பணம் அனுப்பும் கூத்தைப் பத்திரிகையில் எழுதிக் கிழித்தார். 1933-ல் தெற்குக் கொழும்பு இளைஞர் கழகம் இயக்கத்தைக் கையிலெடுத்து, அதைப் போருக்கும் ஏகாதிபத்தியத்துக்கும் எதிரானதாக மாற்றியது. 1934-35-ல் மலேரியா ஊரை வாரிக்கொண்டு போனபோது மருந்தும் சோறும் எடுத்துக்கொண்டு கிராமங்களுக்கு ஓடியவர்களில் இந்தப் பூ விற்றவர்களும் உண்டு. 1935-ல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களும் இந்த வட்டத்தவர்தான்.

பூவரசம்பூவை யாரும் பின்னிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பின்ன வேண்டும் என்றால் மேலே சொன்ன கணக்கில் சின்ன மாற்றம்தான். நடுவட்டத்துக்குக் கறுப்புக்குப் பதில் அடர் அரக்கு நூல். வளையத்துக்கு நான்கு செயினுக்குப் பதில் ஐந்து. உள்ளே 12-க்குப் பதில் 15 சிங்கிள். வெளிர் மஞ்சளில் மூன்று மூன்று கண்ணியாக ஐந்து இதழ். உண்மையான பூவரசு மாலைக்குள் செம்மையேறி வாடும் என்பதால், கடைசி இதழின் ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை செம்பழுப்பு நூல் ஓட்டினால் நன்றாக இருக்கும். இதை ஓரம் அலையாமல் கிண்ணமாகக் குவிக்க வேண்டும். அதற்கு நடு டபுள் மூன்றை இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.